எதிர்த்துப் பேச மாட்டாள்

எனக்கு வாய் அதிகம். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பெங்களூரு பக்கம் பொம்மசந்திராவில் ஒரு ஒயரிங் கம்பெனியில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். அதில் கடைசி ஏழு வருஷமும் லைன் இன்சார்ஜ். என் கீழே நாற்பத்திரண்டு பெண்கள். "உன் சம்பளத்துல பாதி உன் கைக்குத் தர்றான், பாதி உன் வாய்க்குத் தர்றான்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பாதி என்று அவர் சொல்வது தப்புக் கணக்கு. முக்கால் வாய்க்குத்தான்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள்ளே விளக்குக்கும் ஹாரனுக்கும் மீட்டருக்கும் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிறோம். ஒயரை வெட்டி, நுனியில் பித்தளை முனையை வைத்து பிரஸ் மெஷினில் அழுத்தி, பிளாஸ்டிக் கூட்டில் சொருகி, பலகையில் விரித்து டேப் சுற்றி, கடைசியில் கரண்ட் போகிறதா என்று டெஸ்டிங் பலகையில் பார்ப்போம். அவ்வளவுதான். படித்தவர்கள் கேட்டால் "இவ்வளவுதானா" என்பார்கள். ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும்.

என்னோடு அதே நாளில், அதே கேட்டில், கையில் போட்டோவும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் வைத்துக்கொண்டு நின்றவள் ஒருத்தி. தர்மபுரிக்காரி. நான் திருப்பத்தூர்ப் பக்கம். என்னைவிட மூன்று வயது சின்னவள் என்பதால் முதல் நாளிலிருந்தே "அக்கா" என்றாள். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் ஒரே சம்பளம். இன்றைக்கு என் சம்பளம் அவளுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வேலைத் திறமையில் அவள் என்னைவிட ஒரு படி மேல். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இல்லை, ஏனென்றால் எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டெஸ்டிங் பலகையில் அவள் நின்றால் தப்பான கட்டு ஒன்றுகூட அந்தப் பக்கம் போகாது.

அப்படியென்றால் சம்பளம் எப்படிப் பிரிந்தது? அதற்குத்தான் மார்ச் மாதம் வருகிற அந்த ஃபாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வருஷா வருஷம் மார்ச்சில் ஆளுக்கு ஒரு தாள் தருவார்கள். அதில் வேலையைப் பற்றி நாலு கட்டம், குணத்தைப் பற்றி ஆறு கட்டம். பொறுப்பு, பொறுமை, முன்வந்து செய்வது, கூட்டாக வேலை செய்வது என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு எத்தனை என்று முதலில் நாமே நமக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இன்சார்ஜ் போடுவார். இந்த இரண்டையும் வைத்துத்தான் சம்பள உயர்வு.

எங்கள் பெண்களுக்கு இதைப் போலக் கஷ்டமான வேலை வேறு கிடையாது. எட்டு மணி நேரம் நிற்பார்கள், கேட்டால் ஓவர்டைமும் நிற்பார்கள், தனக்குத் தானே ஐந்து போடச் சொன்னால் மட்டும் கை வராது. எல்லாரும் மூன்று போடுவார்கள். சிலர் கட்டத்தைக் காலியாக விட்டு, "நீங்களே பாத்துப் போடுங்க மேடம்" என்று என் கையில் தந்துவிடுவார்கள். தர்மபுரிக்காரி ஒரு வருஷம் 'வேலைத் திறமை' என்ற இடத்தில் இரண்டு போட்டிருந்தாள். "ஏண்டி, உனக்கே ரெண்டுன்னா மத்தவளுக்கெல்லாம் மைனஸா?" என்று கேட்டேன். "நாமளே நமக்கு அஞ்சு போட்டுக்கினா நல்லாவாக்கா இருக்கும்? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள்.

நான் எல்லாக் கட்டத்திலும் ஐந்து போடுவேன். 'பொறுமை' என்ற கட்டத்திலும் ஐந்துதான். அதைப் பார்த்து என் லைன் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். ஆபீஸில் ஒருவர்கூட "இது எப்படி ஐந்து" என்று என்னைக் கேட்டதில்லை. மூன்று போட்டவளுக்கு மூன்றுக்குத் தகுந்த உயர்வு வந்தது, ஐந்து போட்டவளுக்கு ஐந்துக்குத் தகுந்தது வந்தது. பதினான்கு மார்ச் இப்படிப் போனால் வித்தியாசம் எவ்வளவு ஆகும் என்று யார் வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளலாம்.

போன மார்ச்சில் விஷயம் கொஞ்சம் கடுமையாக வந்தது. டெஸ்டிங் பலகைகளை எடுத்துவிட்டு மெஷின் வைக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு. அங்கே நிற்கிற பெண்கள் எல்லாரும் பேக்கிங்குக்குப் போக வேண்டும். பேக்கிங் என்றால் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற வேலை, கிரேடும் ஒன்று கீழே. ஒரே ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு ட்ரெய்னர் வேண்டும். சம்பளமும் நன்றாகவே ஏறும். தர்மபுரிக்காரிக்கு முட்டியில் வலி. பையன் டிப்ளமா இரண்டாம் வருஷம். அந்த இடம் அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும், கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளைவிட்டால் வேறு யார்?

இன்சார்ஜ் குறிப்பு எழுதுகிற இடத்தில் அந்தத் தடவை நான் நாலு வரி நிறையவே எழுதினேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மனசில் தமிழில் யோசித்து, கூகுளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். மிகவும் அடக்கமானவள். எதிர்த்துப் பேச மாட்டாள். எங்கே போட்டாலும் முகம் சுளிக்காமல் வேலை செய்வாள். தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. இதைவிட நல்ல பெயர் ஒருத்திக்கு எப்படித் தர முடியும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் முதல் வாரம் பட்டியல் ஒட்டினார்கள். ட்ரெய்னர் இடத்துக்கு வேறு லைனில் ஒரு பெண். வந்து இரண்டு வருஷம் ஆனவள், நன்றாகப் பேசுவாள். தர்மபுரிக்காரியின் பெயர் பேக்கிங் பட்டியலில் இருந்தது.

நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டு நேராக ஹெச்ஆர் ரூமுக்குப் போனேன். அங்கே இருப்பவர் மைசூர்ப் பக்கத்து மனிதர், மரியாதையானவர், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். நான் உயர்த்தினேன். பதினான்கு வருஷ ஆளை விட்டுவிட்டு இரண்டு வருஷ ஆளுக்கா என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீவே பரெதிரோது, மேடம்" என்றார். நீங்களே எழுதியதுதான் என்று அர்த்தம்.

என் கையெழுத்துதான். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ட்ரெய்னர் என்றால் இருபது புதுப் பெண்களை அதட்டி வேலை வாங்க வேண்டும், தப்பு நடந்தால் சூப்பர்வைசரிடமே இது தப்பு என்று சொல்ல வேண்டும். எதிர்த்துப் பேச மாட்டாள் என்று இன்சார்ஜே எழுதிய ஆளை அங்கே எப்படிப் போடுவது? எங்கே போட்டாலும் வேலை செய்வாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் கமிட்டி யோசிக்காமல் பேக்கிங்குக்குப் போட்டது என்றார்.

தாளை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் எழுதியது என்னவென்று அந்த ரூமைவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அது வேலைக்குத் தருகிற சர்டிஃபிகேட்டே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்வீட்டார் சொல்வது. என் அம்மா என்னைப் பற்றி இதே வரிகளைத்தான் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். "எதுத்து ஒரு வார்த்தை பேசாதுங்க எங்க பொண்ணு." அந்தப் பொய்க்காக என் வீட்டுக்காரர் இன்றுவரை என் அம்மாவிடம் நஷ்டஈடு கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு ஒரு பெண்ணைப் புகழ்வதென்றால் தெரிந்தது இவ்வளவுதான். அதை அப்படியே சம்பளம் போடுகிற தாளில் எழுதிவிட்டேன். எனக்கு ஐந்து போட்டுக்கொள்ளத் தெரிந்த எனக்கு அவளுக்கு ஐந்து போடத் தெரியவில்லை.

மத்தியானம் கேன்டீனில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல்தான் தப்பு என்றும் சொன்னேன். அவள் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"பரவால்லக்கா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "என்னடி பரவால்ல? முட்டிய வச்சிக்கினு பெட்டி தூக்கப் போறியா?"

"தூக்கறேன். மத்தவங்க தூக்கல?"

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? கேளேன். ஏன் எனக்குத் தரலன்னு ஒரு வார்த்தை போய்க் கேளேன்."

அவள் டப்பாவை மூடினாள். "நீங்க நல்லதுன்னு நெனச்சுதானேக்கா எழுதினீங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுபடி ஹெச்ஆர் ரூமுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை வரை பட்டியலை மாற்ற வழி உண்டு, ஆனால் பிளான்ட் ஹெட் சம்மதிக்க வேண்டும் என்றார் அவர். பிளான்ட் ஹெட் புனேயிலிருந்து வந்தவர். இந்தியும் ஆங்கிலமும்தான். தர்மபுரிக்காரிக்குத் தமிழும் கொஞ்சம் கன்னடமும்தான். நானே கூட நின்று அவளுக்காக இந்தியில் பேசுகிறேன் என்றேன். கல்யாணமான புதிதில் சிவாஜிநகரில் துணிக்கடையில் இரண்டு வருஷம் நின்றதில் பிடித்துக்கொண்ட இந்தி என்னுடையது. பாதி உருது, பாதி கை ஜாடை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை நடக்கும். அவர் சரி என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "நல்லவங்க, லீவு போட மாட்டாங்கன்னு சொல்லிட்டு நிக்காதீங்க. அவங்க செஞ்ச காரியம் ஒண்ணு சொல்லுங்க. ஒரே ஒண்ணு. பெருசா இருக்கணும்."

ஒரே ஒன்று. அது என்னவென்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் டீ இடைவேளையில் அவள் என் கையைப் பிடித்து இழுத்து ஓரமாகக் கூட்டிப்போனாள். கையில் நாலு ஒயர் வைத்திருந்தாள். "அக்கா, மூணாம் நம்பர் பிரஸ்ல ஏதோ சரியில்ல. கரண்ட் போவுது, பல்பு எரியுது, டெஸ்டிங்ல எல்லாம் பாஸ்தான். ஆனா முனைகிட்ட ஒயர் வளையறது வேற மாதிரி இருக்குது. உள்ள இழை அறுந்திருக்கும்னு தோணுது" என்றாள். நீ போய்ச் சொல்லு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சூப்பர்வைசர் கத்துவார், தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று பயம். நான் போனேன். லாரியில் ஏற்றத் தயாராக நின்ற லோடை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சூப்பர்வைசர் என்னை வேலையைவிட்டே அனுப்பிவிடுவேன் என்றார். அனுப்புங்கள், முதலில் பிரித்துப் பாருங்கள் என்றேன். பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான கட்டுகளில் இழை அறுந்திருந்தது. ஓடுகிற வண்டியில் விளக்கு அணைந்திருக்கும். அடுத்த மாதமே என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். நீதான் கண்டுபிடித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. இல்லை என்று நானும் சொல்லவில்லை.

இத்தனை வருஷமாக இதற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. அவள் பார்த்தாள், நான் நிறுத்தினேன். பார்ப்பது பெரிதா, நிறுத்துவது பெரிதா? அன்றைக்கு என் வாய் இல்லாவிட்டால் அவள் கண் பார்த்தது அவளோடேயே போயிருக்கும். அதில் பொய் இல்லை. இப்போதும் சொல்வேன், லோடை நிறுத்தியதற்கு எனக்குக் கூலி உண்டு. ஆனால் அவள் பங்கையும் சேர்த்து நான்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் பிளான்ட் ஹெட்டின் அறைக்குப் போனோம். தர்மபுரிக்காரி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தாள். நான் ஆரம்பித்தேன். நேரம் தவற மாட்டாள், வேலையில் சுத்தம், கீழே உள்ளவர்களிடம் அன்பு. அவர் தலையை ஆட்டினாரே தவிர பேனாவைத் தொடவில்லை. "ட்ரெய்னர் தப்பைப் பார்த்தால் நிறுத்த வேண்டும். இவர் எதையாவது நிறுத்தியிருக்கிறாரா?" என்று கேட்டார்.

மூச்சை இழுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் பிரஸ் கதையைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது உங்கள் பெயரில் அல்லவா இருக்கிறது?"

"கத்தினது நான் சார். கண்டுபிடிச்சது இவ."

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கல சார். எனக்கும் சொல்லணும்னு தோணல." சொல்லும்போது முகம் சுட்டது. ஆனாலும் குனியவில்லை. என்னை என்ன செய்துவிடுவார்கள்? ஃபைலைத் திருத்தி எழுதட்டும், கடிதம் கேட்டால் எழுதித் தருகிறேன். லைனை ஓட்ட நாளைக்கும் நான்தான் வேண்டும். அவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். இது உண்மையா என்று கேட்டார்.

நான் அவளிடம், "உண்மையான்னு கேக்கறார்" என்றேன். அக்காதான் சார் எல்லாம், நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்து, "உண்மைதான் சார்" என்றாள்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மேசைமேல் சாம்பிளாக இருந்த ஒயரை அவள் கையில் எடுத்தாள். முனைக்குப் பக்கத்தில் விரலை வைத்து வளைத்துக் காட்டினாள். நல்லது எப்படி வளையும், அறுந்தது எப்படி வளையும், எதை மெஷின் பார்க்கும், எதைப் பார்க்காது என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் மொழிபெயர்க்கத் திணறினேன். புதிதாக வருகிற பெண்களுக்கு எப்படிச் சொல்லித்தருவாய் என்று அவர் கேட்டார். "மொத ரெண்டு நாளு வேலையே தர மாட்டேன் சார். நல்ல ஒயரும் கெட்ட ஒயரும் கலந்து தருவேன். கண்ண மூடிக்கினு விரல்லயே பிரிக்கணும். பிரிச்சாதான் மெஷின்கிட்ட விடுவேன்" என்றாள். பதினான்கு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேச வராதவள் இல்லை அவள். அவளை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவர் ஹெச்ஆர் ரூமுக்குப் போன் போட்டு, பட்டியலை மாற்றச் சொன்னார். அந்த இன்னொரு பெண்ணை அடுத்த பேட்ச்சுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் எழுந்து நின்று ஒரு ஆட்டம் போடலாம்போல் இருந்தது. சாதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவளிடம்கூடக் கேட்காமல் நன்றி சொல்லிக் கிளம்பத் தயாரானேன்.

வேறு ஏதாவது வேண்டுமா என்று கேளுங்கள் என்றார் அவர்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன் நானே.

"இருங்கக்கா" என்றாள் அவள். "என்ன கேட்டார்?"

சொன்னேன்.

"வேணும். எனக்கு வேற ஷிஃப்ட் வேணும்னு சொல்லுங்க. உங்க ஷிஃப்ட் வேணாம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் எதுவும் தெரியவில்லை. "அப்படியே சொல்லணுமா?" என்றேன்.

"அப்படியே சொல்லுங்கக்கா."

சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். ஏன் என்று கேட்டார். அதையும் நான்தான் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. அவள் ஒயரை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏழு வருஷமா உங்க பக்கத்துலயே நின்னேன்க்கா. இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு."

அறையில் மூன்று பேர். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். வீடு தூரம், பையனைப் பார்க்க வேண்டும் என்று என் வாயில் நூறு காரணம் தயாராக இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை என் உடைந்த இந்தியில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.